13 பேரில் தப்பிய ஒருவர்... காரணம் ஒரு தக்கை ஜாக்கெட்!

வீக் எண்டுக்கு மணப்பட்டு பீச் பிளானா? அப்படியே எங்கேயாவது படகு சவாரியும் உண்டா? முதல்ல ஹென்றி ஃப்ரீமேன் கதையைத் தெரிஞ்சுக்கோங்க.

1835-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். செங்கல் தொழிலாளியாக இருந்து, விட்பி ஊரில் மீனவரானார். 1861 பிப்ரவரி 9 அன்று கடும் புயல். கப்பல்கள் அடுத்தடுத்து கரை தட்ட, மீட்புப் படகு திரும்பத் திரும்பக் கடலுக்குள் போனது. கடைசி முறை அலை அதைக் கவிழ்த்துவிட்டது. 13 பேரில் 12 பேர், ஊரே பார்த்து நிற்க, இறந்துபோனார்கள்.

பிழைத்தவர் ஃப்ரீமேன் மட்டுமே. கேப்டன் வார்டு வடிவமைத்த புதுவகை தக்கை ஜாக்கெட்டை அன்று போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்!

பயந்து ஒதுங்கினாரா? இல்லை. 40 வருஷத்துக்கும் மேலே மீட்புப் படகில் போய், 300-க்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றத் துணை நின்றார். 1904-ல் மறைந்தார்.

இப்போ தக்கைக்குப் பதில் ஃபோம். வாங்கும்போதும் சரி, படகுக்காரர் கொடுக்கும்போதும் சரி, இதையெல்லாம் பாருங்க: உங்க எடைக்கு ஏத்ததா? தையல் உறுதியா இருக்கா? பக்கிள் சரியா மாட்டுதா? வெயில்ல துணி இத்துப்போய், ஃபோம் நசுங்கியிருந்தா வேண்டாம். மாட்டினதும் தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கச் சொல்லுங்க. காதுவரை ஏறினா அது லூஸ், வேற கேளுங்க.

செல்ஃபிக்காகக்கூட கழட்டாதீங்க!