பட்டாளத்துக்காரர் கையில் அளவுச் சங்கிலி

புராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போனதும் நம்மகிட்ட கேக்குற முதல் கேள்வி எது? பிராப்ளம் ஸ்டேட்மென்ட் என்ன என்பதுதான். நம்மில் பாதிப் பேர் தீர்வை முதலில் பிடிச்சுட்டு, அதுக்கு ஏத்த பிரச்சனையைப் பிறகு தேடுறோம். இந்த வழக்கம் புதுசு இல்லை. சுமார் 230 வருஷத்துக்கு முன்னால் நம்ம தர்மபுரியிலேயே இப்படி ஒரு சிக்கல் வந்தது. அதை அவிழ்க்க வந்தவர் வரித்துறை ஆள் இல்லை, ஒரு பட்டாளத்துக்காரர். பெயர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம், அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்காரே, அவரேதான்.

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா அமெரிக்கப் புகையிலை வியாபாரி. பையனுக்குக் கணக்கும் வேதியியலும் பிடிக்கும். ஒரு ஸ்பானிய நாவலை மூலத்திலேயே படிக்கணும்னு அந்த மொழியையே கத்துக்கிட்டார். அமெரிக்க சுதந்திரப் போரில் அப்பாவின் வியாபாரம் நொடிச்சுப்போக, கம்பெனிப் படையில் சேர்ந்து 1780-ல் சென்னையில் வந்து இறங்கினார். வந்த வருஷமே ஹைதர் அலியோடு சண்டை. போர்க்களத்துக்கு நடுவிலும் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார்.

1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமஹால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். வரி வசூலிக்க யாரை அனுப்புவது? சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகள் பலருக்கு உள்ளூர் மொழி தெரியாது. அதனால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை நியமித்தார். அவருக்கு உதவியாக வந்த மூன்று ராணுவ அதிகாரிகளில் ஒருவர் மன்றோ. 1799 வரை ஏழு வருஷம் இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். தர்மபுரியில் வீடும் தோட்டமும் போட்டுத் தங்கினார்.

கம்பெனி கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: இந்த நாட்டில் இருந்து எவ்வளவு பணம் வரும்? அதற்கு வங்காளத்தில் 1793-ல் ஒரு ரெடிமேட் விடையும் தயாராகிவிட்டது. ஒரு ஜமீன்தாரைப் பிடி, ஒரு தொகையை நிரந்தரமாக நிர்ணயம் பண்ணு, மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ரீடும் மன்றோவும் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். இந்த நிலத்தை உழுவது யார்? அது என்ன மண்? தண்ணீர் கிணற்றில் இருந்தா, ஏரியில் இருந்தா, வானம் பார்த்த பூமியா? இதெல்லாம் தெரியாமல் தொகையை எப்படி எழுதுவது?

அதனால் முதல் வேலை அளப்பது. வயல் வயலாகச் சங்கிலி போட்டு அளந்தார்கள். நஞ்சை, புஞ்சை, தோட்டம் எனப் பிரித்தார்கள். ஊர்க் கணக்கர் ஏட்டில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒத்துப்போகுதா என்று பார்த்தார்கள். சின்ன வயசில் வந்த தட்டம்மையால் மன்றோவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனா விவசாயி சொன்னதைக் கேட்டவர்களில் அவரைப் போல் அன்று அதிகம் பேர் இல்லை. நம்ம ஊர் மழையைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? ஒரு வருஷம் பெய்யும், ஒரு வருஷம் ஏமாத்தும். எல்லா வருஷத்துக்கும் ஒரே தொகை என்றால் எளியவன் தாங்க மாட்டான். நேரடியாக உழவரோடு கணக்கு, வருஷா வருஷம் சாகுபடியைப் பார்த்து முடிவு என்ற வழி இப்படித்தான் மெல்ல மெல்ல உருவானது. அதுதான் ரயத்வாரி. தொடங்கிவைத்த பெருமை ரீடுக்கு. அதை வளர்த்து, வாதாடி நிலைநாட்டியவர் மன்றோ.

அவர்கள் போன பிறகு என்ன நடந்தது தெரியுமா? கம்பெனி மறுபடியும் ரெடிமேட் விடைக்கே போனது. நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டது. ஏலம் எடுத்த மிட்டாதார்கள் பலர் தொகையைக் கட்ட முடியாமல் விழுந்தார்கள். அந்த நிலமெல்லாம் திரும்ப அரசிடமே வந்தது.

மன்றோ பிறகு கனராவிலும், அதன் பின் பெல்லாரி, கடப்பை பகுதிகளிலும் கலெக்டராக இருந்தார். அங்கே அரசின் பங்கு விளைச்சலில் சுமார் 45 சதவீதம். இது அதிகம், கால் பங்கு குறைக்கணும் என்று 1807-ல் தானே எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. 1820-ல் சென்னை கவர்னரானதும், 13 வருஷம் முன்னால் கேட்டதைத் தானே நிறைவேற்றினார். நடுவில் நீதித்துறைச் சீர்திருத்தம், மராத்தியப் போரில் படைத் தலைமை என்று துறை மாறிக்கொண்டே இருந்தது. அணுகுமுறை மட்டும் மாறலை. 1822-ல் கல்வியைப் பற்றிப் பேச்சு வந்தபோதும், புதுப் பள்ளி கட்டுவதற்கு முன் இருப்பதை எண்ணச் சொன்னார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

இவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கு வேண்டியது வருமானம், அதற்குத்தான் அவர் வேலை செய்தார். ரயத்வாரியிலும் வரிச்சுமை உழவரை அழுத்தியது. பல இடங்களில் கடன்காரர்தான் லாபம் பார்த்தார். பட்டா என்பது நிலம் வைத்திருந்தவருக்கு. அதே வயலில் கூலிக்கு நின்றவர் கணக்கில் வரவே இல்லை. சங்கிலி வயலை அளந்தது, அவரை அளக்கவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கூட, யாரை விட்டுவிட்டோம் என்று இன்னொரு தடவை கேட்டிருக்கணும்.

ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பும் முன், தான் கலெக்டராக இருந்த பகுதியைக் கடைசியாகப் பார்க்கப் போனார். வழியில் காலரா தாக்கியது. 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் இறந்தார்.

இன்றைக்கும் வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்குது. கிராமக் கணக்கை எடுத்துவைத்து, மக்களை எதிரில் உட்காரவைத்துச் சரிபார்க்கும் வேலை அது. முடிஞ்சா இந்த வருஷம் ஒரு நாள் போய் ஓரமா நின்னு பாருங்க. நம்ம புராஜெக்ட்டுக்கும் அதுதான் பொருந்தும்: லேப்டாப்பைத் திறக்கும் முன், அந்தப் பிரச்சனையோட தினமும் வாழுறவங்களை முதலில் போய்ப் பாருங்க. கூடவே, அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் கடைசியில் நிற்கிறவரையும் கேளுங்க.