புற்றுநோயோடு போராடிய பெண்மணி

கெர்ட்ரூடு எலியன் 1918ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். அவருக்கு 15 வயதானபோது, பாசமிகு தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். அன்றே வேதியியல் கற்பதென உறுதி பூண்டார். 1937இல் ஹன்டர் கல்லூரியில் பட்டம் பெற்றும், பெண் என்பதால் ஆய்வுக்கூடங்கள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. சில காலம் பள்ளி ஆசிரியையாகவும் இருந்தார்.

1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டார். உயிரணு பெருக டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ.வுக்குப் பியூரின் வேண்டும். பியூரினைப் போலவே தோன்றும் போலிப் பொருளை ஊட்டினால் புற்றணு ஏமாறுமல்லவா? அப்படிப் பிறந்ததே 6-மெர்காப்டோபியூரின். 1953இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. இரத்தப் புற்றுநோயால் சில மாதங்களில் மடிந்துகொண்டிருந்த குழந்தைகள் பலர் எழுந்து நடமாடினர். ஆனால் ஓராண்டளவில் நோய் திரும்பியது. எலியன் மிகவும் கலங்கினார்.

ஏன் திரும்பியது தெரியுமா? இம்மருந்து தானாக வேலை செய்யாது. உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி அதை மாற்றினால்தான் நஞ்சாகும். அந்நொதியை இழந்துவிட்ட புற்றணுக்கள் தப்பிப் பெருகிவிடும். பொல்லாத தந்திரம்தான்! 1960களில் மருத்துவர்கள், வெவ்வேறு வழியில் தாக்கும் மெத்தோட்ரெக்சேட், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோன் ஆகியவற்றையும் இதனுடன் சேர்த்துக் கொடுத்தனர். ஒன்றுக்குத் தப்பிய அணு மற்றொன்றில் மடிந்தது. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், வளர்ந்த நாடுகளில் இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கின்றனர்.

ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் 1988இல் நோபல் பரிசு பெற்ற எலியன், 1999இல் காலமானார். அவருடைய அம்மருந்து இன்றும் அக்குழந்தைகளுக்கு மாத்திரையாகத் தரப்படுகிறது.