கையுறை முதல் டயர் வரை: ரப்பர் பாலின் ரகசியத்தைக் கண்டுபிடித்த 'மேட்' ரிட்லி... மரம் சீவியது யார்?

பலாப்பழம் வெட்டுவதற்கு முன்னால் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம், இல்லையா? காரணம், அதன் பால். ஒட்டினால் லேசில் போகாது. கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் பலா, பழனி மலை அடிவாரத்தின் வறண்ட நிலத்தில் முளைக்கும் எருக்கு, கள்ளி, வீட்டு வாசலில் நிற்கும் பப்பாளி என எதைக் கீறினாலும் வெள்ளையாக ஒரு பால் வரும். அதுதான் லேடெக்ஸ்.

லத்தீன் மொழியில் இந்தச் சொல்லுக்குத் திரவம் என்று பொருள். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் இந்தப் பால் இருக்கிறது. வேரிலிருந்து மேலே ஏறும் சாறு வேறு, இது வேறு. இதற்கென்றே தனிக் குழாய்கள் உண்டு. காயம் பட்டால் அதை அடைக்கவும், கடிக்க வரும் பூச்சியைத் தடுக்கவும் செடி வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இது.

ஆனால், டாக்டரின் கையுறை, பிறந்தநாள் பலூன், ரப்பர் பேண்ட், ஆணுறை, லேடெக்ஸ் மெத்தை எல்லாமே பெரும்பாலும் ஒரே ஒரு மரத்தின் பாலை நம்பித்தான் இருக்கின்றன. அமேசான் காட்டில் பிறந்த ஹெவியா பிரேசிலியென்சிஸ், நம்ம ஊர்ப் பேச்சில் ரப்பர் மரம். வெப்பமும் நல்ல மழையும் கேட்கும் மரம் என்பதால், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் குளிர் இதற்கு ஆகாது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டம்தான் இதன் வீடு.

இந்த மரத்தை ஆசியாவின் தோட்டப் பயிராக மாற்றியதில் முக்கியமானவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. அவர் வாழ்க்கைக் கதைக்குள் பல்லாயிரம் தமிழர்களின் கதையும் இருக்கிறது.

யார் இந்த ரிட்லி?

1855 டிசம்பர் 10-ம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு, 1880-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அதே 1888-ல்தான் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த டயர்தான் பின்னாளில் ரிட்லியின் மரங்களுக்குச் சந்தையை உருவாக்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

22 கன்றுகளின் பயணம்

ரப்பர் மரத்தை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர் ரிட்லி அல்ல. 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் திரட்டிய சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தது சுமார் 2,700 மட்டுமே. அதில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. கம்பஹா அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன.

ரிட்லி வந்து சேர்ந்தபோது அந்தக் கன்றுகளும் அவற்றின் வாரிசுகளும் வளர்ந்து நின்றன. மரம் இருக்கு, பாலும் இருக்கு. ஆனால், அதை லாபகரமாக எப்படி எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி?

அமேசானில் பால் எடுத்தவர்கள் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரத்தை வளரவைக்கும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. கோடரி அதையும் கிழித்துவிடும். காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். அடுத்த முறை அதே இடத்தில் வெட்ட முடியாது.

ரிட்லி வருடக்கணக்கில் சோதனை செய்தார். பால் குழாய்கள் பட்டையில்தான் இருக்கின்றன. அதனால் உள் அடுக்கைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவினால் போதும். அடுத்த முறை புதுக் காயம் வேண்டாம், பழைய வெட்டின் விளிம்பையே இன்னும் கொஞ்சம் சீவினால், முதல் நாளைவிட அதிகமாகப் பால் வரும். அதிகாலையில் சீவினால் நன்றாக ஓடும். சீவிய இடத்தில் சில வருடங்களில் புதுப் பட்டை வளர்ந்துவிடும். மீனின் முள் போல, நடுவில் ஒரு நேர்க்கோடு, பக்கவாட்டில் சாய்வான வெட்டுகள், அடியில் ஒரு கிண்ணம். இதுதான் அவர் வகுத்த முறை. இன்று பெரும்பாலும் ஒரே ஒரு சாய்வு வெட்டுதான் போடுகிறார்கள். ஆனால் அடிப்படை அதேதான்.

ஒரு மரத்திலிருந்து பல வருடங்களுக்குத் தொடர்ந்து வருமானம் பார்க்கலாம் என்று ஆனது இப்படித்தான்.

'மேட் ரிட்லி' ஆனது ஏன்?

கண்டுபிடித்தாச்சு, ஆனால் வாங்க ஆள் இல்லை. அப்போது மலாயாத் தோட்டக்காரர்களுக்குக் காபிதான் பணம். பால் தர ஐந்தாறு வருடம் எடுக்கும் மரத்தை யார் நடுவார்கள்? ரிட்லி விடவில்லை. பார்க்கிற தோட்ட முதலாளிகளின் பாக்கெட்டில் எல்லாம் ரப்பர் விதைகளைத் திணிப்பார் என்று சொல்வார்கள். அப்படித்தான் 'மேட் ரிட்லி', அதாவது பைத்தியக்கார ரிட்லி என்ற பட்டம் வந்தது. 'ரப்பர் ரிட்லி' என்ற பெயரும் உண்டு.

1896-ல் மலாக்காவின் சீன வணிகர் டான் சாய் யான் முதலில் துணிந்து ரப்பர் நட்டார். அதற்குள் காபி விலை சரிய, இன்னொரு பக்கம் மோட்டார் கார்கள் வர, எல்லோரும் ரிட்லியின் பூங்கா வாசலுக்கு வந்தார்கள். 1917-க்குள் அங்கிருந்து போன விதைகள் 70 லட்சத்துக்கும் மேல். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து வந்தது.

கத்தியைப் பிடித்த கைகள்

ரிட்லியின் முறையில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை மெஷின் செய்யாது. ஒவ்வொரு மரத்திடமும் ஒருவர் போய் நிற்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் கெடும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்தக் கணக்கு கையில்தான் இருக்கிறது. அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன?

பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, மதுரை மாவட்டங்களின் கிராமங்களுக்குக் கங்காணிகள் வந்து ஆள் சேர்த்தார்கள். பழனியும் கொடைக்கானலும் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கப்பல். பயணச் செலவுக்காக 1907-ல் மலாயாவில் தொடங்கிய நிதிக்குப் பெயரே தமிழர் குடியேற்ற நிதி. ரப்பருக்குத் தேவைப்பட்டது யார் என்பதை இந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

விடியும் முன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு ஒருவர் 300, 400 மரங்கள் வரை சீவ வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் மங்கு என்ற கிண்ணத்தில் நிறையும் பாலை வாளியில் ஊற்றி, தோளில் சுமந்து கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் சீவ முடியாது. குடியிருப்பு, தோட்டத்துக்குள்ளேயே லயன் வீடு. பல தோட்டங்களில் குழந்தைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிதான் கல்வி. 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. 1938-ல் இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் இந்தத் தோட்டங்களிலிருந்தே பல்லாயிரம் தமிழர்களை சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனது. பெரும் எண்ணிக்கையில் அவர்கள் திரும்பவே இல்லை.

பாலிலிருந்து கையுறை வரை

சரி, வாளியில் சேர்ந்த பால் என்ன ஆகும்? அதில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அப்படியே விட்டால் உறைந்துவிடும். அதனால் இரண்டு வழிகள்.

ஒன்று, அமிலம் சேர்த்து உறையவைத்து, தகடாக உருட்டி, காயவைத்து ஷீட் ஆக்குவது. கன்னியாகுமரி பக்கம் இதை வீட்டுத் தோட்டங்களிலும் பார்க்கலாம். இந்த வகை ரப்பர் டயருக்குப் போகும். இரண்டு, அம்மோனியா சேர்த்துத் திரவமாகவே காப்பாற்றி, எந்திரத்தில் சுழற்றி ரப்பர் அளவை 60 சதவீதமாக உயர்த்துவது. கையுறையும் பலூனும் இதிலிருந்து வருகின்றன. கை வடிவ அச்சை இந்தப் பாலில் முக்கி எடுத்துச் சூடாக்குவார்கள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் ரப்பர் வெயிலில் இளகாமல், குளிரில் நொறுங்காமல் நிற்கும். அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தது இதைத்தான்.

கவனிக்க: ரப்பர் பாலில் இருக்கும் புரதம் சிலருக்கு அலர்ஜி தரும். கையுறை போட்டதும் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு நைட்ரைல் கையுறை மாற்று. 'லேடெக்ஸ் பெயின்ட்' என்று வருவதில் பெரும்பாலும் மரப்பால் இல்லை, அது செயற்கை.

100 வயது வாழ்ந்தவர்

ரிட்லி 1912-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்தின் கியூ பகுதிக்குத் திரும்பினார். மலாயாவின் தாவரங்கள் பற்றி ஐந்து தொகுதிகள், விதைகள் உலகமெங்கும் எப்படிப் பரவுகின்றன என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 80 வயதைக் கடந்தபின் கல்யாணம் செய்துகொண்டார். 1956 அக்டோபர் 24-ம் தேதி, 100 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு மலாயா சுதந்திரம் அடைந்தது.

பிறகு பல ரப்பர் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன, எண்ணெய்ப் பனைக்கு மாறின. மூன்று தலைமுறையாக மரம் சீவிய குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்து நகர ஓரங்களுக்குப் போனார்கள். மரத்தை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று கண்டுபிடித்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அதைத் தினமும் பிசகாமல் செய்து, உலகத்தின் டயர்களை ஓடவைத்தவர்களின் பெயர் பெரும்பாலும் தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டோடு முடிந்துவிட்டது.