பிரம்படி வாங்கிய மதனப்பள்ளி சிறுவன்: ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு இருந்தது கவனக்குறைபாடா?

கோயம்பேட்டில் தக்காளி விலை எகிறும்போதெல்லாம் நீங்கள் கேள்விப்படும் ஊர் மதனப்பள்ளி. திருப்பதியிலிருந்து பீலேர் வழியாக மேற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அந்த ஊரில் 1895 மே மாதம் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் எட்டாவது குழந்தை பிறந்தது. எட்டாவது பிள்ளை என்பதால் கிருஷ்ணர் பெயரையே வைத்தார்கள். பின்னாளில் உலகம் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று அறிந்தவர் அவர்தான்.

அப்போது சித்தூர் மாவட்டம் என்றே ஒன்று கிடையாது. சித்தூரும் திருப்பதியும் வட ஆற்காட்டில் இருந்தன, மதனப்பள்ளி கடப்பையில் இருந்தது. 1911-ல்தான் இவற்றைச் சேர்த்து சித்தூர் மாவட்டம் ஆக்கினார்கள். எல்லாமே சென்னை மாகாணம்தான். அப்பா ஜிட்டு நாராயணையா வருவாய்த் துறை ஊழியர். வேலை மாற்றலாகும் ஊருக்கெல்லாம் குடும்பமும் கூடவே போனது.

தத்துவஞானி என்றால் சின்ன வயதிலேயே படிப்பில் சுட்டியாக இருந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. கிருஷ்ணாவுக்குப் பாடம் ஏறவே இல்லை. வகுப்பில் வாயைத் திறந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மனப்பாடம் வராது. பலப்பம், சிலேட்டு எதுவாக இருந்தாலும் கேட்ட பையனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவான். மூன்று வயது இளையவனான தம்பி நித்யானந்தன் படிப்பில் புலி. அதனால் ஒப்பிட்டுப் பேச வீட்டிலேயே ஆள் இருந்தது. இந்தப் பையன் மந்தபுத்தி என்று வாத்தியார்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அதே பையன் ஒருநாள் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டான். திரும்பப் பூட்டி அது ஓடுகிற வரைக்கும் பள்ளிக்கும் போகவில்லை, சாப்பிடவும் வரவில்லை. பூச்சிகளையும் மேகத்தையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். கவனமே இல்லாத பிள்ளை செய்கிற காரியமா இது?

இந்தக் குறிப்புகளை ஒரு ரீல்ஸில் போட்டால், ஏடிஹெச்டி அல்லது டிஸ்லெக்ஸியா என்று கமென்ட் பகுதி அரை மணி நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

அன்றைக்கு மருத்துவம் எங்கே இருந்தது?

கிருஷ்ணா பிறந்த மறுவருடம், 1896-ல், புத்திசாலியாக இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதினார். டிஸ்லெக்ஸியா வரலாற்றின் ஆரம்பப் பக்கங்களில் ஒன்று அது. 1902-ல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அடங்காத, கவனம் நிலைக்காத 43 குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அறிவில் குறை இல்லை என்பதை அவர் கவனித்தார். ஆனால் காரணத்தை ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாட்டில் தேடினார். மருத்துவர் வாயிலிருந்தே ஒழுக்கம் என்ற சொல் வரும்போது வாத்தியார் பிரம்பை எடுப்பதில் என்ன ஆச்சரியம்? கவனக்குறைபாடு என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-ல். 1987-ல்தான் அது இன்றைய ஏடிஹெச்டி ஆனது.

லண்டன் உரையெல்லாம் கடப்பைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எட்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

இன்று ஒரு நல்ல குழந்தைகள் மருத்துவரிடம் இந்தப் பையனைக் கூட்டிப்போனால் முதலில் என்ன கேட்பார்? அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா, பள்ளியில் மட்டுமா வீட்டிலுமா? அடுத்த கேள்விதான் முக்கியம்: இதற்கு வேறு காரணம் எதுவும் இருக்கிறதா?

இருந்தது, ஒன்றுக்கு மேல். இரண்டு வயதிலேயே அவனுக்கு மலேரியா வந்து உயிருக்கு ஆபத்தானது. பிறகும் பல வருடங்கள் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அதனால் ஒரு வருடம் முழுக்கப் பள்ளிக்கே போகவில்லை. மூளையைத் தாக்கும் வகை மலேரியா, பிழைத்த குழந்தைகள் சிலரின் கவனத்தையும் நினைவாற்றலையும் நீண்ட காலம் பாதிப்பதாக உகாண்டாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவனுக்கு வந்தது எந்த வகை என்று தெரியாமல் அதையும் அவன் தலையில் கட்டக்கூடாது. ஆனால் காய்ச்சலில் கிடந்து பாதிப் பாடத்தைத் தவறவிட்ட குழந்தை வகுப்பில் விழிப்பதற்கு மூளைக் கோளாறு எதுவும் தேவையில்லை. போதாததற்கு, 1905-ல் அம்மா சஞ்சீவம்மா இறந்துபோனார். அவனுக்குப் பத்து வயது.

1909 ஜனவரியில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாராயணையா பிள்ளைகளோடு சென்னை அடையாறு வந்தார். அங்கே தியசாபிகல் சொசைட்டியில் அவருக்கு வேலை. பையன்கள் மூன்று மைல் நடந்து மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்குப் போனார்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். கிருஷ்ணா அங்கே அனேகமாகத் தினமும் பிரம்படி வாங்கினான். பல நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டான்.

காப்பாற்றியது எது?

இங்கேதான் கதை விசித்திரமாகப் போகிறது. அந்த வருடமே அடையாறு கடற்கரையில் சொசைட்டியின் முக்கியப் புள்ளியான லெட்பீட்டர் இந்தப் பையனைப் பார்த்தார். சுயநலமே இல்லாத ஒளிவட்டம் அவனைச் சுற்றித் தெரிவதாகவும், வரப்போகும் உலக ஆசான் இவன்தான் என்றும் சொன்னார். அவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து வந்த எர்னஸ்ட் வுட் திகைத்துப்போனார். அவர் பார்வையில் பையன் சுத்த மண்டு.

லெட்பீட்டர் அப்பாவிடம் பேசி அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். தனி ஆசிரியர்கள், நல்ல சாப்பாடு, நீச்சல், விளையாட்டு. சில மாதங்களில் அவன் ஆங்கிலம் பேச ஆரம்பித்துவிட்டான். ஒளிவட்டத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நானும் நம்பவில்லை. சூழ்நிலை மாறினால் மந்தபுத்தி என்ற முத்திரை எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. அங்கேயும் அடி முழுசாக நின்றுவிடவில்லை. வாயைத் திறந்து வைத்திருந்ததற்காக லெட்பீட்டரே ஒருமுறை தாடையில் அடித்தார். கிருஷ்ணமூர்த்தி அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

லெட்பீட்டர் மீது வேறு கடுமையான புகார்களும் இருந்தன. பிள்ளைகளைத் திருப்பித் தரச் சொல்லி நாராயணையா வழக்குப் போட்டார். 1913-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுவருடம் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றி அன்னி பெசன்ட் பக்கம் நின்றது.

இங்கிலாந்தில் பெரிய இடத்து வளர்ப்பு கிடைத்தும், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் கடைசிவரை தேறவில்லை. தம்பி சட்டம் படித்து முடித்தார். ஆகவே சூழ்நிலை மட்டுமே காரணம் என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. கற்றலில் ஏதோ ஒரு உண்மையான சிரமம் அவருக்கு இருந்திருக்கலாம். அதற்கு இன்று பெயர் சூட்டுவது சரியல்ல. இறந்தவரை எந்த மருத்துவரும் பரிசோதிக்க முடியாது.

நித்யா 1925-ல் காசநோயில் இறந்தார். 1929-ல் நெதர்லாந்தின் ஓமன் முகாமில், தனக்காகவே உருவாக்கப்பட்ட அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். உலக ஆசான் பட்டமும் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு 50 வருடங்களுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர் அதிகம் பேசிய விஷயங்களில் ஒன்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கவனம். மனதை ஒரே இடத்தில் கட்டிப்போட்டு மற்றதை விரட்டுவது ஒன்று, எதையும் விரட்டாமல் முழுசாகப் பார்ப்பது வேறொன்று என்று பிரித்தார். ஒரு குழந்தையை இன்னொன்றோடு ஒப்பிடுவது இரண்டு குழந்தைகளையும் கெடுக்கும் என்பதிலும் விடாப்பிடியாக இருந்தார்.

ஆனால் இதையெல்லாம் ஏடிஹெச்டிக்கு மாற்று மருத்துவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நரம்பு வளர்ச்சி சார்ந்த பிரச்சினை. பயிற்சி உதவும், தேவைப்படும் பிள்ளைகளுக்கு மருந்தும் உதவும். படிக்காத பிள்ளைக்குள் எல்லாம் ஒரு ஞானி ஒளிந்திருக்கிறான் என்று பெற்றோருக்கு ஃபார்வர்டு அனுப்புவதும் ஒருவகை அலட்சியம்தான். கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

மறுபடியும் மதனப்பள்ளி

1920-களின் நடுவில், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் பெரிய ஆலமரம் ஒன்று நின்ற வறண்ட பள்ளத்தாக்கை அவர் தேர்ந்தெடுத்தார். ரிஷி வேலி பள்ளி அங்கே வளர்ந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி என்ற விமர்சனம் அதன் மேல் உண்டு, நியாயமான விமர்சனம்தான். 1986 பிப்ரவரி 17 அன்று கலிபோர்னியாவின் ஓஹாயில் அவர் இறந்தார்.

அவர் காலத்துக்குப் பிறகுதான் இந்தக் கதை உங்கள் பக்கம் வருகிறது. ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காக அங்கிருந்த ஆசிரியர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்து ஏணிப்படி போல அடுக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம். ஆடு மேய்க்கவோ காய்ச்சலாலோ பத்து நாள் வராமல் போனால், திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே தொடரலாம். மலேரியாவில் ஒரு வருடத்தைத் தொலைத்த கிருஷ்ணாவுக்கு மயிலாப்பூரில் கிடைக்காதது இதுதான். இதை அவர் கண்டுபிடித்ததாகச் சொல்வது தவறு. அந்த ஆசிரியர்களின் உழைப்பு அது.

சென்னை மாநகராட்சி 2003-ல் இந்த முறையைத் தன் பள்ளிகளில் முயன்று பார்த்தது. 2007-ல் தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. செயல்வழிக் கற்றல் என்று பெயர். நீங்கள் அந்த வருடங்களில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்திருந்தால், பாயில் வட்டமாக உட்கார்ந்து அடுக்குத் தட்டிலிருந்து படம் போட்ட அட்டையைத் தேடி எடுத்தது ஞாபகம் இருக்கும். பக்கத்தில் இருந்தவர் கையில் வேறு அட்டை இருந்திருக்கும்.