ஆரத்தி சாகா

ஆரத்தி சாகா (செப்டம்பர் 24, 1940 - ஆகஸ்ட் 23, 1994) இந்திய நீச்சல் வீராங்கனை ஆவார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் இவரே.

இளமையும் பயிற்சியும்

கொல்கத்தாவில் பிறந்தார். இரண்டு வயதில் தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். உறவினர் ஒருவருடன் கங்கையின் சம்பாதலா படித்துறைக்குக் குளிக்கச் சென்றபோது நீந்தக் கற்றார். மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை இவரை ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்தார். அங்கே சச்சின் நாக் இவருக்குப் பயிற்சி அளித்தார். 1946இல், ஐந்து வயதில், 110 கெஜ நீச்சலில் முதலிடம் பெற்றார்.

ஒலிம்பிக் போட்டி

1952இல் எல்சிங்கி ஒலிம்பிக் போட்டிகளில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் பங்கேற்றார். அப்பொழுது இவருக்கு வயது 11. தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 40.8 வினாடிகளில் நீந்தினார். நாடு திரும்பிய பின் 100 மீட்டர் கட்டற்ற நீச்சலில் தம் தங்கை பாரதியிடம் தோற்றார். அதன் பிறகு மார்பு நீச்சலில் மட்டுமே கவனம் செலுத்தினார்.

ஆங்கிலக் கால்வாய்

1958இல் பிரஜன் தாஸ் கால்வாயைக் கடந்தது இவருக்கு ஊக்கமளித்தது. குறுந்தூரப் போட்டியில் வினாடிகளே வெற்றியை முடிவு செய்கின்றன. கால்வாயிலோ குளிர்ந்த நீரில் பல மணிநேரம் ஒரே சீராக நீந்த வேண்டும். எனவே பயிற்சி முறை மாறியது. 1959 ஏப்ரலில் கொல்கத்தா தேசபந்து பூங்காக் குளத்தில் எட்டு மணிநேரமும், பின்னர் 16 மணிநேரமும் இடைவிடாது நீந்திப் பழகினார்.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். எனினும் ஓதங்களால் நீரோட்டம் திசை மாறுவதால் நீந்தும் பாதை வளைந்து நீள்கிறது. 1959 ஆகஸ்ட் 27 அன்று வழிகாட்டிப் படகு 40 நிமிடம் தாமதமாக வந்தது. அதனால் சாதகமான நீரோட்டம் கைநழுவியது. இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தொலைவு வரை வந்தும், எதிர் நீரோட்டத்தை மீற இயலாமல் முயற்சியைக் கைவிட்டார். வேகமும் வலிமையும் இருந்தும், புறப்படும் நேரம் தவறியதே தோல்விக்குக் காரணமாயிற்று.

ஊர் திரும்பாமல் மீண்டும் பயிற்சி செய்தார். செப்டம்பர் 29 அன்று பிரான்சின் கிரி நே முனையில் புறப்பட்டு, 42 மைல் நீந்தி, 16 மணி 20 நிமிடத்தில் இங்கிலாந்தின் சாண்ட்கேட்டை அடைந்தார். கரையில் இந்தியக் கொடியை ஏற்றினார். அப்பொழுது இவருக்கு வயது 19.

சிறப்புகள்

1960இல் பத்மசிறீ விருது பெற்றார். இவ்விருதைப் பெற்ற முதல் இந்திய விளையாட்டு வீராங்கனை இவராவார். 1999இல் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.