கல்முனைக் கச்சேரியிலிருந்து வகுப்பறைக்கு: ஏ.எம்.ஏ. அஸீஸ் விட்டுச்சென்ற பாடம்

2005ஆம் ஆண்டின் தொடக்கம். சுனாமி எங்கள் மருதமுனைக் கரையை அள்ளிக்கொண்டு போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பாடசாலை முற்றத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆளுக்கொரு புத்தகப் பையும் ஆறு கொப்பிகளும் தந்தார்கள். பையை வாங்கியதும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். ஒருவர் படம் எடுத்தார். இன்னொருவர் பெயர், வாப்பாவின் பெயர், வீட்டில் யார் மௌத்தானார்கள் என்பதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

பல வருடங்கள் கழித்து, ஊடகக் கற்கைகள் படித்துக்கொண்டிருந்தபோது, இணையத்தில் வேறெதையோ தேடப்போய் அந்தப் படத்தைக் கண்டேன். கீழே என் பெயரும் இருந்தது, எங்கள் வீட்டு மௌத்தும் இருந்தது. அதைப் போடலாமா என்று எங்களில் யாரிடமும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அந்தப் பை எனக்கு அன்று உண்மையாகவே தேவைப்பட்டது. இருந்தாலும் அந்தப் படத்தை இன்றுவரை உம்மாவிடம் காட்டவில்லை.

ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும், அதே நேரம் அந்தப் பிள்ளையின் மானமும் போகக்கூடாது. இது எப்படி என்ற கேள்வி எங்கள் கரைக்குப் புதியதல்ல. சுனாமிக்கு அறுபது வருடங்களுக்கும் முன்னர் இதே கல்முனையில் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் இந்தக் கேள்வியின் ஒரு நுனியைப் பிடித்தார். கடைசியில் அது அவருடைய உத்தியோகத்தையே மாற்றியது. அவர்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ். எங்கள் ஊர்களில் பெரியவர்கள் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது பெரும்பாலும் வெறும் பெயர்தான்.

சோனகத் தெருவிலிருந்து சிவில் சேவைக்கு

அபூபக்கர் முகம்மது அப்துல் அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. சோனகத் தெருச் சூழலில் வளர்ந்த இந்த முஸ்லிம் பிள்ளை படித்த பாடசாலைகளைப் பாருங்கள்: முதலில் வைத்தீஸ்வர வித்தியாலயம், பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. இரண்டுமே சைவச் சூழலில் இயங்கியவை. அங்கேதான் அவருடைய தமிழுக்கு அடித்தளம் விழுந்தது. முஸ்லிமாக இருப்பதும் தமிழைத் தன் மொழியாகக் கொள்வதும் அவருக்குள் ஒருநாளும் மோதவில்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்தார். மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் வரை போனார். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானார். அந்தச் சேவைக்குள் நுழைந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அவரே. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்நாட்டவர் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த உத்தியோகம் அது. சம்பளம், பங்களா, செல்வாக்கு, ஓய்வூதியம் என்று வாழ்நாள் முழுவதற்கும் உத்தரவாதம் இருந்தது.

1942: யுத்தம் கொண்டுவந்த கச்சேரி

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. அதற்கு முந்திய மாதமே ரங்கூன் விழுந்து, பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. நாடு தன் சோற்றைத் தானே விளைவிக்க வேண்டிய நிலை. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி நெல் வயல்களை நம்ப வேண்டியிருந்தது. அம்பாறை என்று தனி மாவட்டம் அப்போது கிடையாது, அது 1961இல்தான் பிரிந்தது. கல்முனையில் ஒரு அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் அஸீஸ். அப்போது அவருக்கு வயது முப்பது.

வந்த வேலை உணவு உற்பத்தி. காடு வெட்டிக் காணியாக்குவதும், விவசாயிகளுக்கு நிலம் கொடுப்பதும், விளைச்சலைக் கூட்டுவதும்தான் பணி. ஆனால் வயல் வழியே போனவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. ஒரு பக்கம் போடிமார், இன்னொரு பக்கம் அவர்களுடைய வயலில் உழைக்கிற ஏழைக் குடும்பங்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சில வருடங்களோடு முடிந்துவிடும். ஊர்த் தமிழ்ப் பாடசாலையில் கட்டணம் இல்லை, ஆனால் அந்தப் படிப்பால் பெரிய உத்தியோகத்துக்குப் போக முடியாது. உத்தியோகத்துக்கு வழிவிட்ட ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் வாங்கினார்கள், அவையும் பெரும்பாலும் பட்டணங்களில்தான் இருந்தன. அதே 1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது. எங்கள் கரையின் ஏழைப் பிள்ளைக்கு அது சந்திரனைப் போல எட்டாத தூரம்.

இங்கே அவருக்குக் கிடைத்த ஒரு நட்பையும் சொல்ல வேண்டும். கல்முனைக்குப் பக்கத்து ஊரான காரைதீவு சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டுவதிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த துறவி அவர். யாழ்ப்பாணத்து முஸ்லிம் அதிகாரியும் காரைதீவு இந்துத் துறவியும் நெருங்கிப் பழகினார்கள். அஸீஸ் தமிழ் இலக்கியத்தின் பக்கமும், எங்கள் வயல்களில் வாய்மொழியாக உலவிய கவிகளின் பக்கமும் திரும்பியதில் இந்தக் கல்முனைக் காலத்துக்குப் பெரும் பங்குண்டு.

1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. அதைத் தூண்டி நடத்தியவர் அஸீஸ். நெல்லுக்காக அனுப்பப்பட்டவர் கல்விக்காகவும் ஆட்களைக் கூட்டினார். எந்தச் சுற்றறிக்கையும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

தர்மமா, நிதியமா?

கல்முனையில் தொடங்கியது 1945இல் நாடு முழுவதற்குமான அமைப்பாக விரிந்தது. அதுதான் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம். பிற்பாடு அது சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. அதே 1945 ஒக்டோபரில்தான் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை.

இலவசக் கல்வி வந்த பிறகு புலமைப்பரிசில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கிழக்கில் பிறந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. கட்டணத்தைச் சட்டம் நீக்கலாம். மருதமுனையிலிருந்து கொழும்புக்குப் போகும் செலவு, அங்கே தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், மூத்த பிள்ளை உழைக்கப் போகாமல் படிப்பதால் வீட்டுக்கு ஏற்படும் நட்டம், இவை எதையும் சட்டம் நீக்கவில்லை. உரிமை காகிதத்தில் இருந்தது. அதைப் பாவிப்பதற்கு ஏழைக்குக் கையில் ஏதாவது வேண்டும். நிதியம் நிரப்பப் பார்த்தது அந்த இடைவெளியைத்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது அது நிதியமாக அமைக்கப்பட்ட விதம். எங்கள் சமூகத்தில் தர்மத்துக்கு ஒருபோதும் குறையில்லை. போடியார் ஒருவர் நினைத்தால் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் அவருடைய வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். சட்டப்படி அமைந்த ஒரு நிதியத்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டியதில்லை. கொடுப்பவரின் பணம் பொதுவில் சேர்கிறது. பிள்ளை விண்ணப்பித்து, தகுதி பார்க்கப்பட்டு, பெற்றுக்கொள்கிறது. நன்றி சொல்ல வேண்டியது சமூகத்துக்கே தவிர ஒரு தனிமனிதருக்கு அல்ல. எங்களை முற்றத்தில் நிறுத்திப் படம் பிடித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை.

அதிபர் கதிரை

1948இல் அஸீஸ் சிவில் சேவையை விட்டு விலகி, ரி.பி. ஜாயாவுக்குப் பின் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். அரசாங்க உத்தியோகக் கதிரையை விட்டுப் பாடசாலை அதிபர் கதிரைக்கு வந்தார். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் பெரியது. நாடு அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்தது. ஆங்கிலேயர் காலி செய்த உயர் பதவிகள் இந்நாட்டவருக்குத் திறந்துகொண்டிருந்த நேரம் அது.

1961 வரை பதின்மூன்று வருடங்கள் அவர் அங்கே இருந்தார். கல்லூரியைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடமாக மட்டும் அவர் வைத்திருக்கவில்லை. முஸ்லிம் சமூகத்தின் சிந்தனை அங்கிருந்து பரவ வேண்டும் என்று எண்ணினார். அதற்காக வேலியும் போடவில்லை. பிற்காலத்தில் ஈழத்துத் தமிழ் ஆய்வின் பெரும் பெயராக விளங்கிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிறாவில் படித்தவர், பின்னர் அங்கேயே படிப்பித்தவர். இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் மாணவனுக்குக் கொடுத்ததை, ஸாஹிறா ஒரு கரவெட்டி மாணவனுக்குத் திருப்பிக் கொடுத்தது.

1952இல் அவர் செனட் சபைக்கு நியமிக்கப்பட்டார். 1956இல் சோதனை வந்தது. ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் கொள்கைக்கு மாறியபோது அவர் அந்தக் கட்சியை விட்டு விலகினார். கொழும்பில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் தலைவருக்கு ஒத்துப்போவதே இலகுவான வழி. முஸ்லிம்கள் எந்த மொழியில் படிப்பது என்ற விவாதமும் அன்று நடந்துகொண்டிருந்தது. தமிழ் எங்கள் வீட்டு மொழி, எங்கள் மார்க்கமும் வரலாறும் தமிழில் எழுதப்பட வேண்டும் என்ற பக்கத்தில் அவர் நின்றார். 1963இல் வெளிவந்த அவருடைய ‘இலங்கையில் இஸ்லாம்’ அந்த நிலைப்பாட்டின் விளைச்சல்.

ஆசிரியருக்கு யார் பொறுப்பு?

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் முகாமைக்குள் கொண்டுவந்தது. அதுவரை அந்தப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் முகாமையாளர்களின் விருப்பு வெறுப்புக்குள் இருந்தார்கள். யாரை எடுப்பது, யாரை நிறுத்துவது என்பதில் சமயமும் சாதியும் உறவும் புகுந்து விளையாடின. அரசு பொறுப்பேற்றது ஆசிரியருக்குப் பாதுகாப்பைக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. முகாமையாளர் போன இடத்துக்கு அரசியல்வாதி வந்தார். தேர்தல் முடிந்ததும் இடமாற்றக் கடிதம் வரும் என்பது எங்கள் பகுதி ஆசிரியர் வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை.

இந்த மாற்றத்தின் நடுவே அஸீஸ் ஸாஹிறாவை விட்டு வெளியேறினார். 1963இல் அரசாங்க சேவை ஆணைக்குழுவில் உறுப்பினரானார். அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றை அரசியல்வாதியின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதற்காக உருவான ஆணைக்குழு அது. ஆசிரியரின் உரிமையும் பொறுப்பும் ஒரே கயிற்றின் இரு புரிகள். நாளைக்கு எங்கே தூக்கி எறியப்படுவேன் என்று பயந்திருக்கும் ஆசிரியரால், தன் வகுப்புப் பிள்ளைக்காக வாய் திறக்க முடியாது.

அவர் காணாமல் போனவை

1973 நவம்பர் 24ஆம் திகதி அஸீஸ் காலமானார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவர் மறைவுக்குப் பின்னான கௌரவ கலாநிதிப் பட்டத்தை வழங்கியது.

அதற்குப் பத்து வருடங்களில், 1990 ஒக்டோபரில், அவர் பிறந்த சோனகத் தெரு வெறுமையானது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் கையில் அகப்பட்டதோடு வெளியேற்றப்பட்டார்கள். அதே வருடம் எங்கள் கரையிலும் தமிழர், முஸ்லிம் இரு பக்கமும் இரத்தம் சிந்தியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமல்போன முஸ்லிம் மாணவர்களுக்காக 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. எங்களுக்கு அது பெரும் பேறு. ஆனாலும் விபுலாநந்தரும் அஸீஸும் கூடியிருந்து பேசிய மண்ணில் பிள்ளைகள் தனித்தனியே படிக்க வேண்டியதாயிற்று என்பதும் உண்மை. அஸீஸ் இரு சமூகத்துக்கும் பொதுவாக ஒரு கச்சேரியை நடத்திய அதே கல்முனையில், இன்று ஒரு பிரதேச செயலகத்தின் எல்லைக்காக ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம்.

மறுபடியும் அந்தப் படம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர்களின் தரவை விசேட பாதுகாப்புக்குரிய வகைக்குள் வைத்திருக்கிறது. சட்டம் நிறைவேறிய பின்னரும் அதன் நடைமுறைப்படுத்தல் இழுபட்டது. இதற்கிடையில் பை, கொப்பி, சப்பாத்து கொடுக்கும் படங்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் முகநூலில் நிறைகின்றன. பிள்ளையின் முகம், பாடசாலைச் சீருடை, சில வேளை தந்தை காணாமல் ஆக்கப்பட்டவர் என்ற விபரமும் சேர்ந்தே வருகின்றன. போரில் உறவை இழந்த வீட்டுக்கு அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் சாச்சி ஒரு ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் வெளியூர் நன்கொடையாளர் ஒருவர் அவருடைய வகுப்புக்கு முப்பது பைகள் தர முன்வந்தார். பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது, பெயர்ப் பட்டியலும் தர முடியாது என்று சாச்சி சொல்லிவிட்டார். பைகள் வரவில்லை. அதிபருக்குக் கோபம், சில பெற்றோருக்கு அதைவிடக் கோபம். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பை இல்லைதானே.

சாச்சி பழைய மாணவர்களிடம் கேட்டார். பதினொரு பேர் மாதாமாதம் கொஞ்சம் போடச் சம்மதித்தார்கள். யார் பணம் யாருக்குப் போகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. கணக்கு ஒரு கொப்பியில் இருக்கிறது. அந்தக் கொப்பி பூட்டிய லாச்சிக்குள் இருக்கிறது. இந்த வருடம் பன்னிரண்டாவது ஆளாக நானும் சேர்ந்திருக்கிறேன்.