பாலோடு சேராத மாத்திரை, உப்போடு சேர்ந்த மருந்து: யார் இந்த சுப்பாராவ்?

டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலில் விழுங்கக் கூடாது என்பார்கள் டாக்டர்கள். அந்த வகை மருந்துகளில் முதலாவதான ஆரியோமைசின், 1948இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வந்தது. மண்ணிலிருந்த நுண்ணுயிரில் அதைக் கண்டறிந்தவர் பெஞ்சமின் டக்கர். அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று சென்னையில் படித்தார். அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுத்திப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கிடைக்கல, அதற்குக் கீழான எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது.

சகோதரரை ஸ்ப்ரூ நோய் கொன்றது. என்ன சாப்பிட்டாலும் குடல் அதை உறிஞ்சாத நோய் அது. சுப்பாராவுக்கும் வந்து, தப்பிப் பிழைத்தார். பின்னாளில் ஸ்ப்ரூவுக்குக் கைகொடுத்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவரது குழுதான்.

சரி, பாலில் என்ன சிக்கல்? மாத்திரை வயிற்றுக்குள் போனால் மட்டும் போதாது. கரைந்து, குடல் வழியாக ரத்தத்தில் சேரணும். பாலில் உள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொண்டு எளிதில் கரையாத பொருளாக மாற்றிவிடும். மருந்தில் பெரும்பங்கு மலத்தோடு வெளியேறிவிடும். காய்ச்சல் குறையலையே என்று நாம டாக்டரை மாற்றிக்கொண்டிருப்போம்! இரும்புச்சத்து மாத்திரை, அமிலம் குறைக்கும் ஆன்டாசிட் இரண்டும் இதே வேலையைச் செய்யும். வெறும் தண்ணீரே நல்லது. பால், தயிருக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும்.

ஆனா அதே சுப்பாராவ் குழு யானைக்கால் நோய்க்குத் தந்த டிஇசி மருந்து இதற்கு நேர்மாறு. தண்ணீரில் சட்டெனக் கரையும், அடுப்புச் சூட்டையும் தாங்கும். அதனால் சமையல் உப்பிலேயே கலக்க முடிந்தது. 1960களில் பிரேசிலில் இதைச் சோதித்தவர் ஃபிராங்க் ஹாக்கிங் (ஆமாம், ஸ்டீபன் ஹாக்கிங்கின் அப்பாதான்). 1970களில் லட்சத்தீவிலும் அந்த உப்பு கொடுக்கப்பட்டது. சீனா யானைக்கால் நோயை ஒழித்ததில் இந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இது எதையும் சுப்பாராவ் பார்க்கல. 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஆரியோமைசின் மருந்துக்கடைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.